வந்த கருத்துகள்: ஒன்று

பிப்ரவரி. ஆகஸ்டா. அறை எண் நூற்றுப் பதினாலு.
கடன்பத்திரம் விற்குமுன் ஊரைக் கேட்க வேண்டும்
என்கிறது சட்டம்.
ஊர் வராது என்பது சட்டத்துக்கும் தெரியும்.

பதினோரு ஆண்டுகளாக இந்த நாற்காலிகளுக்குத்தான்
வாசித்துக் காட்டுகிறேன்:
மெய்ன் மாநில வீட்டுவசதிக்காக,
ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலருக்கு மிகாமல்,
வரிவிலக்குப் பெற்ற பத்திரங்கள்,
லூயிஸ்டன் நகரில், பழைய காலணி ஆலை நின்ற மனையில்,
குறைந்த வாடகைக் குடியிருப்புகள் அறுபத்திரண்டு...
நாற்காலிகள் ஆட்சேபிப்பதில்லை.
பத்து நிமிடம் காத்திருந்து
ஒலிப்பதிவை அணைத்துவிட்டு
ஆறிய காப்பியோடு மாடியேறுவேன்.

அன்று நாலாவது நிமிடத்தில் கதவு திறந்தது.
ஓட்டுநர் உரிமம் புதுப்பிப்பது அடுத்த கட்டடத்தில்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர் ஒரு செய்தித்தாள் துண்டை நீட்டினார்.
சட்ட அறிவிப்புகள், ஒன்பதாம் பக்கம்,
எறும்பு ஊர்ந்தாற்போல் பொடி எழுத்து.
நான் எழுதியது.

ரோசேர் மிஷோ. ரொட்டி ஆலையில் இரவு வேலை.
வேலை முடிந்த கையோடு
ஐம்பது கிலோமீட்டர் பனியில் வந்திருக்கிறார்,
புருவத்தில் இன்னும் மாவு.

பேச மூன்று நிமிடம் உண்டு என்றேன்.
"அவ்வளவு வேண்டாம்.
பாத்திரம் கழுவுற தொட்டிக்கு மேல
ஜன்னல் இருக்குமா?"

என்னிடம் வட்டி மதிப்பீடு இருந்தது.
தரச்சான்று இருந்தது.
மாநிலத்தின் இந்த ஆண்டு உச்சவரம்பில்
மிச்சம் எவ்வளவு என்பது சதம்வரை இருந்தது.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்: ஆதரவு, எதிர்ப்பு.
"ஆதரவு என்று போடட்டுமா?"
"ஜன்னல்னு போடுங்க."
விளிம்பில் எழுதிக்கொண்டேன்.

வருகைத் தாளில் பெயரை எழுதினார், பள்ளிக்கூடக் கையெழுத்து.
முகவரிக் கட்டத்தின்மேல் பேனா நின்றது.
நின்றுகொண்டே இருந்தது.
பிறகு மூடியைப் போட்டு என்னிடம் தந்துவிட்டார்.
வெளியே அவர் காரின் பின்னிருக்கை முழுக்கப் போர்வைகள்,
மேலே, காகிதத்தில் பொதிந்த ஒரு வாணலி.
பத்திரமாகப் போங்கள், வழியெல்லாம் உறைபனி, என்றேன்.
வேறென்ன சொல்ல.

ஆளுநர் மேசைக்குப் போன கடிதத்தில் அவர் ஒரு வரி:
வந்த கருத்துகள் ஒன்று; ஆட்சேபம் இல்லை.

விற்பனையன்று நியூயார்க்கிலிருந்து ஓர் இளங்குரல்
கால் சதவீதம் ஏறிவிட்டது என்றது,
மழை வரும்போல இருக்கு என்கிற தொனியில்.
கால் சதவீதம் எங்கள் கணக்கில் எட்டு வீடு.
எந்த எட்டு என்று கணிப்பான் சொல்வதில்லை.
ஐம்பத்துநாலு என்று திருத்தினேன்.
பத்தரை மணிக்குள் எல்லாம் விற்றுத் தீர்ந்தது.
போர்ட்லாந்தில் ஒரு பல் மருத்துவர் வாங்கியிருக்கலாம்,
ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரியில்லா வட்டி வரும்.
அவர்மேல் கோபமில்லை. அவர் பணம்தான்
சுவராக வேண்டும், கூரையாக வேண்டும்.

விற்பனை ஆவணம் முந்நூற்றுப் பத்துப் பக்கம்.
தீ உண்டு, வெள்ளம் உண்டு, வாடகை வராமல் போவது உண்டு.
ஜன்னல் என்று தேடினேன்.
பிறகு, என் வேலை அல்லாத ஒன்றைச் செய்தேன்:
வரைபடம் வரவழைத்துப் பிரித்தேன்.
தொட்டிகளெல்லாம் நடைவழிச் சுவரைப் பார்த்து நிற்கின்றன.
மூலை வீடுகளில் மட்டும்
தொட்டிக்கு மேலே ஒரு சின்னச் சதுரம்.
யாருக்கு மூலை என்பதைக் குலுக்கல் சொல்லும்.
குலுக்கலில் சேர விண்ணப்பம் வேண்டும்.
விண்ணப்பத்தின் இரண்டாவது கேள்வி, முகவரி.

கடன் முதிர முப்பத்தைந்து ஆண்டு.
முதிர்ந்தபின்னும் மூன்று ஆண்டு
கோப்பைக் காக்க வேண்டும், விதி.
அதுவரை நிலவறையில்,
ஈரம் தட்டாத பெட்டியில் அந்தத் தாள் இருக்கும்.
ஒரு பெயர். பக்கத்துக் கட்டத்தில்
பேனா நின்ற இடத்தில் ஊறிய
ஒரு நீலப் புள்ளி.